பத்தொன்பது அடி நிழற்படம்



நிழற்படங்களைத் துண்டு துண்டாக இணைத்துப் புதியதொரு படம் ஆக்குவதும், அசையாப் பொருள்களை நிரல்பட வைத்து அவற்றைப் படம் பிடிப்பதும் இக்காலக் கலைஞர் கண்ட புதுமைகள் என்று பலர் கருதுகின்றனர். சரவணம்பட்டியில் என் இல்லத்திற்கு வரும் கல்லூரி மாணவர் சிலர், கைப்பேசியிலேயே பத்துப் படங்களை நொடிப் பொழுதில் ஒன்றாக்கிக் காட்டுவதுண்டு. அவர்தம் திறம் கண்டு மகிழ்கின்றேன். ஆயினும், இவ்விரு முயற்சிகளும் நம் தமிழகத்தில் 1858ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தன என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவர்?

அவற்றை நிகழ்த்தியவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர். 1822இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாயிருந்தார். 1855இல் பர்மாவிற்குச் சென்ற தூதுக் குழுவோடு சென்று படங்கள் எடுத்தார். அவற்றின் சிறப்பால், மறு ஆண்டே சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்றார். 1857 டிசம்பரில் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய ஊர்களைச் சுற்றி வந்தார்.

அக்காலத்துப் படப்பிடிப்பு எளிதன்று. டிரைப் கையாண்டது மெழுகுத்தாள் முறை. மெல்லிய தாளை உருகிய மெழுகில் தோய்த்து, பின் வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, அதன்மேல் ஒளி பட வைப்பார்கள். உருவம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். வீதியில் நடந்து செல்வோர் அதில் பதிவதில்லை. அசையாது நிற்பவையே பதியும். ஆகவே, அசையாப் பொருளைத் தேடுவது கலைஞனின் விருப்பம் மட்டுமன்று, கருவி இட்ட கட்டளையும் ஆயிற்று.

இனித் தஞ்சைக்கு வருவோம். பெருவுடையார் கோயில் விமானத்தின் அடித்தளத்தில் சோழர் காலக் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. அவற்றை ஓரிடத்தில் நின்று காண இயலாது. நடந்து நடந்தே படிக்க வேண்டும். கருவியை எட்டக் கொண்டுபோனால் எழுத்துத் தெரியாது; கிட்டக் கொண்டுவந்தால் ஒரு சிறு பகுதியே அடங்கும். டிரைப் என்ன செய்தார்? சுவரை ஒட்டிக் கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பகுதி பகுதியாகப் படம் பிடித்தார். 21 படங்களை வரிசையாக ஒட்டினார். ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படம் பிறந்தது! நடந்து காண வேண்டியதை நின்ற இடத்தில் காணுமாறு விரித்துக் காட்டினார் அவர்.

இதில் வியப்பு யாதெனில், அந்த எழுத்துகளை அறிஞர் உலகம் முறையாகப் படிப்பதற்கு முன்பே படம் வந்துவிட்டது என்பதாகும். ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தஞ்சைக் கல்வெட்டுகளைப் பதிப்பித்து வெளியிடத் தொடங்கியது 1891இல். தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் அளித்த கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு இராசராச சோழன் ஆணையிட்ட செய்தி அதனால் உலகறிந்தது.

டிரைப் தஞ்சைக்கு வருவதற்குச் சற்று முன்னர், 1857இல், இங்கிலாந்தில் ரேலாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரு படம் செய்தார். நன்னெறி, தீநெறி என்னும் இரு வழிகளைக் காட்டும் கற்பனைக் காட்சி அது. அங்கே இணைப்புகள் மறைக்கப்பட்டன. பலர் ஓரிடத்தில் கூடியிருந்தது போன்ற தோற்றம் உண்டாக்கப்பட்டது. தஞ்சைப் படத்திலோ, ஒட்டிய இடங்கள் உற்று நோக்குவார்க்குப் புலப்படும். முன்னது கதை சொல்லும் இணைப்பு. பின்னது சான்று கூறும் இணைப்பு.

எனினும் டிரைப்பை வெறும் பதிவாளர் என்று எண்ணிவிடாதீர்கள். மெழுகுத்தாளில் வானம் வெறும் வெண்மையாகவே விழும். அக்குறை நீங்க, அவர் பல நெகட்டிவ்களில் வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்தார். ஒரே கையால் எழுத்தை உள்ளவாறு காத்தவரும், இல்லாத மேகத்தைப் படைத்தவரும் அவரே. எது அழகுக்காகச் செய்யப்பட்டது, எது சான்றுக்காகச் செய்யப்பட்டது என்று பிரித்தறிவது நம் கடமையாகும்.

அதே 1858இல், சென்னை அருங்காட்சியகத்திலிருந்த அமராவதிச் சிற்பங்களை அவர் படம் பிடித்தார். 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த பௌத்தச் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் அவை. அடுத்த ஆண்டே அவற்றுட் பல கப்பலேறி இலண்டன் சென்றன. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. டால்பட் என்னும் அறிஞர் 1844இல் அலமாரியில் அடுக்கிய பீங்கான் கலங்களின் படமொன்றை வெளியிட்டு, அவை களவு போயின் இப்படம் சான்றாகக்கூடும் என்னும் கருத்தை எழுதினார். அமராவதிப் படங்களைக் காணும்போது அக்கருத்து என் நெஞ்சில் எழாமல் இருப்பதில்லை. கல் கடல் கடந்தது. அது நம் நாட்டில் இருந்த நிலைக்குப் படம் சான்றாயிற்று.

இத்தகைய பணிக்குக் கிடைத்த முடிவு யாது? 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், இஃது அரசுக்குத் தகாத ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார். அதன்பின் டிரைப் எடுத்த படங்கள் மிகச் சிலவே. 1902இல் அவர் மறைந்தார். படங்களின் அருமை பிற்காலத்திற்றான் விளங்கியது. 1982இல் டேவிட் ஹாக்னி என்னும் ஓவியர் பல சிறு படங்களை ஒட்டி ஒரு காட்சியை அமைத்தபோது உலகம் வியந்தது. ஒரு பார்வையில் அடங்காததைப் பல பார்வைகளால் காட்டும் அந்த எண்ணத்திற்குத் தஞ்சைச் சுவரருகே ஒரு முன்னோடி இருந்தது.

மாணவர்களே! பேரூர்க் கோயிலுக்குச் செல்லுங்கள். கல்வெட்டுள்ள சுவரொன்றின்முன் நின்று, ஒரே தொலைவில் நகர்ந்து நகர்ந்து படமெடுத்து, ஒரு படத்தின் ஓரம் அடுத்ததில் சிறிது அமையுமாறு இணைத்துப் பாருங்கள். எங்கே இணைத்தீர்கள், எதைச் சேர்த்தீர்கள், எதை நீக்கினீர்கள் என்பதைப் படத்தின் கீழே எழுதி வையுங்கள். நூறாண்டு கழித்துக் காண்பவர் உங்கள் படத்தை நம்பலாமா, கூடாதா என்பதை அந்தச் சில வரிகளே தீர்மானிக்கும்.