பாய்டெல்ஸ்பாக் உடன்பாடு

பாய்டெல்ஸ்பாக் உடன்பாடு என்பது ஜெர்மனியில் அரசியல் கல்வி கற்பிப்போர் பின்பற்றும் மூன்று நெறிகளின் தொகுப்பு. ஸ்டுட்கார்ட் அருகிலுள்ள பாய்டெல்ஸ்பாக்கில் 1976இல் நடந்த கருத்தரங்கில் உருவானதால் இப்பெயர் பெற்றது.

பின்னணி

1919ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பு தன் 148ஆம் பிரிவில் குடிமையியலைப் பள்ளிப் பாடமாக்கியது. கட்டாயக் கல்வியை முடித்து வெளியேறும் ஒவ்வொரு மாணவருக்கும் அரசமைப்பின் பிரதி ஒன்று வழங்க வேண்டும் என்றும் விதித்தது. பதினான்கே ஆண்டுகளில், அந்த அரசமைப்பின்கீழ் இயங்கிய குடியரசு நாஜிகளிடம் வீழ்ந்தது. பள்ளிகள் பிரசாரக் கூடங்களாயின. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மேற்கு ஜெர்மனி 1952இல் அரசியல் கல்விக்கென ஒரு நடுவண் நிறுவனத்தைத் தொடங்கியது. கிழக்கிலோ குடிமையியல் ஆளுங்கட்சியின் கொள்கைப் பாடமாகவே நீடித்தது.

உருவாக்கம்

1970களின் தொடக்கத்தில் ஹெஸ்ஸன் முதலிய மாநிலங்களின் புதிய பாடத்திட்டங்களால் கடும் பூசல் மூண்டது. சமூக ஜனநாயகக் கட்சி அரசுகள் பிள்ளைகளை இடதுபக்கம் சாய்க்கின்றன என்று கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினர் குற்றஞ்சாட்டினர். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில அரசியல் கல்வி மையத்தின் இயக்குநர் சீக்ஃபிரீட் ஷீலே, இருதரப்பு அறிஞர்களையும் பாய்டெல்ஸ்பாக்கிற்கு அழைத்துப் பேச வைத்தார். தீர்மானம் நிறைவேற்றப்படவில்லை; வாக்கெடுப்பும் நடக்கவில்லை. அனைவரும் ஒத்துப்போன கருத்துகளை ஹான்ஸ்-கேயோர்க் வேலிங் தொகுத்து எழுதினார். அது 1977இல் வெளியானது.

நெறிகள்

முதலாவது, மாணவர் தாமே முடிவெடுப்பதைத் தடுக்கும் வகையில் ஆசிரியர் தம் கருத்தை அவர்மேல் திணிக்கக் கூடாது. இரண்டாவது, அறிஞரிடையிலும் அரசியலிலும் விவாதத்தில் இருப்பது வகுப்பிலும் விவாதமாகவே வர வேண்டும். அணுமின் நிலையம் பற்றிய பாடமென்றால், அதை வேண்டுவோர் வாதமும் எதிர்ப்போர் வாதமும் ஒரே மேசைக்கு வர வேண்டும். மூன்றாவது, அரசியல் சூழலில் தம் நலன் எங்கே இருக்கிறது என ஆராய்ந்து, அதற்காகச் செயல்படும் திறனை மாணவர் பெற வேண்டும்.

இன்றைய விவாதம்

2018இல் ‘ஜெர்மனிக்கான மாற்று’ கட்சி, நடுநிலை தவறும் ஆசிரியர்கள்மேல் புகாரளிக்க ஹாம்பர்க்கில் இணையதளம் திறந்தது. இதனால் மிரண்டு ஆசிரியர் வாய்மூடிக்கொண்டால் உடன்பாட்டின் நோக்கமே கெடும். அது தடுப்பது திணிப்பை. ஆசிரியருக்குக் கருத்தே இருக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. மனித மாண்பு மீறத்தகாதது என்னும், ஜெர்மனியின் அரசமைப்பான அடிப்படைச் சட்டத்தின் முதல் பிரிவும், இருபக்க வாதத்துக்கு விட்டுவிடக்கூடிய பொருளன்று. வைமார் மாணவர்கள் கையில் அரசமைப்பு நூல் இருந்தது; அது மட்டும் குடியரசைக் காக்கவில்லை. எதிர்க்கருத்துடையவரோடு ஒரே அறையில் அமர்ந்து வாதிடும் பழக்கமே ஒரு குடியரசைக் காக்கும். அந்தப் பழக்கத்தை வகுப்பறையிலேயே ஊட்ட முயல்வதுதான் இவ்வுடன்பாட்டின் பெருமை.