நாகதாளியும் மாத்தளைப் பாதையும்

மன்னார்க் கரையின் வறண்ட மணலில் நாகதாளி அடர்ந்து கிடக்கும். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளை மலையடிவாரத்தை அடையும்போது காற்றில் ஈரம் ஏறிவிடுகிறது, மிளகுக் கொடியும் கொக்கோவும் கண்ணில் படுகின்றன, நாகதாளி பின்தங்கிவிடுகிறது. ஏறத்தாழ 150 மைல் நீண்ட இவ்வழியை நடந்து கடந்த மக்களின் வரலாற்றையும், அவர்கள் பிறந்த சீமையில் பசிக்கு உதவிய அம்முட்செடியின் வரலாற்றையும் சேர்த்தே நோக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆட்சியின் கணக்கேட்டில் எழுதப்பட்டவை.

தமிழகத்தார் இதனைச் சப்பாத்திக்கள்ளி என்பர். இதன் பழத்தை விலை கேட்டு வாங்கியவர் நம்மிடையே அரியர். ஆடு மேய்க்கும் சிறுவரே இதன் சுவையறிந்தவர்கள். கல்லில் தேய்த்துச் சுணையைப் போக்கி, உள்ளே மறைந்திருக்கும் நட்சத்திர முள்ளைக் கவனமாக நீக்கி உண்பார்கள்; நாவும் உதடும் செக்கச் சிவந்துவிடும். மழை பொய்த்த ஆண்டுகளிலோ அது விளையாட்டுப் பண்டமன்று, ஏழையின் ஆகாரம்.

இச்செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் அரசுச் சின்னத்தில் கழுகு அமர்ந்திருப்பது இவ்வினச் செடியின் மீதுதான். அங்கே இதன் பழம் சந்தைச் சரக்கு. சிசிலித் தீவில் பெரும்பழம் தரும் வகையைத் தோட்டமிட்டு வளர்த்து, 'இந்திய அத்தி' என்று பெயரிட்டு விற்கிறார்கள். அமெரிக்காவை இந்தியா என்று எண்ணிய கொலம்பஸ் காலத்து மயக்கத்தின் எச்சம் அப்பெயர். உண்மையான இந்தியாவில் அதற்கு அத்தியின் மதிப்புக்கூடக் கிட்டவில்லை!

கிழக்கிந்தியக் கம்பெனி இச்செடியைப் பேணியது பழத்துக்காக அன்று, சாயத்துக்காக. கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுக்கும் செஞ்சாயம் ஆங்கிலப் படையதிகாரிகளின் சிவப்புச் சட்டைக்கு வேண்டியிருந்தது. அவ்வாணிகமோ ஸ்பானியர் கையில். எனவே சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786 முதல் இம்முயற்சியில் முனைந்து, சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் கப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது மட்டமான இனம், சாயம் தேறவில்லை. ஆனால் அது கள்ளியின் ஒரு வகையைத் தின்று அழித்துவிட்டது.

சாயத்தில் தோற்ற பூச்சிக்கு அரசு புதுவேலை கண்டுபிடித்தது. களைகொல்லியாக அது 1830களில் தென்னிந்தியாவுக்கும், 1860களில் கடல் கடந்து இலங்கைக்கும் எடுத்துச் செல்லப்பட்டது. களையை ஒழிக்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் திட்டமிட்டுப் பூச்சியைக் கொண்டுசென்ற முதல் நிகழ்ச்சி என விஞ்ஞானிகள் இதனைக் குறிப்பர். பூச்சியின் விஞ்ஞானப் பெயரிலும் 'சிலோனிக்கஸ்' என்று இலங்கை நிலைத்துவிட்டது.

அதே கடலைத்தான் அதே காலத்தில் தமிழ்நாட்டின் நிலமற்ற மக்களும் கடந்தனர். பூச்சிக்கு வழியில் உணவுண்டு; அது அமர்ந்த கள்ளியே உணவு. கங்காணியின் பின்னே நடந்த மனிதருக்கோ கடன் ஒன்றே கட்டுச்சோறு. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்தவர்களில், காலராவாலும் அம்மையாலும் பட்டினியாலும் பாதையோரத்தில் வீழ்ந்தோர் பல்லாயிரவர். மாத்தளைக்கு ரயில் வந்ததே 1880இல்தான். அதற்குள் 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைத் தின்னத் தொடங்கிவிட்டிருந்தது.

இடையில் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியம் போதுமென்று விதித்தார். சுகாதார ஆணையர் கோர்னிஷ் அதனை எதிர்த்து வாதாடினார். அப்பஞ்சத்தின் வரலாற்றை 1878இல் நூலாக்கிய வில்லியம் டிக்பி, முன்னர் கொழும்பில் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையில் பணியாற்றியவர். அக்கரையில் பட்டினியும் இக்கரையில் ஆள்தேவையுமாக இருந்த நிலையில், எவரையும் விலங்கிட்டு இழுத்துவர வேண்டியிருக்கவில்லை.

எஞ்சிய கள்ளியினத்தின் மீது ஏவ, 1926இல் மற்றொரு பூச்சி இலங்கையிலிருந்து தமிழகத்துக்குப் போயிற்று. ஐந்தாறு ஆண்டுகளில் 40,000 ஹெக்டேர் நிலம் விடுபட்டது. உழவனுக்கு அது நன்மையே, மறுப்பதற்கில்லை. ஆயினும், பழம் பறித்தவனின் பசிக்கு மாற்று என்னவென்ற கேள்வி அத்திட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை.

இன்று இலங்கையில் நாகதாளி 'ஆக்கிரமிப்புத் தாவரம்'. பூந்தலைச் சரணாலயத்தில் அதனை வெட்டி அகற்ற வேண்டியிருக்கிறது. அமெரிக்காவிலிருந்தே வந்த மற்றொரு கள்ளியினத்தின் கனியான டிராகன் பழமோ நல்ல விலைக்குப் போகிறது. வந்தேறி யார், விருந்தாளி யார் என்பதைச் சந்தை இவ்வாறு தீர்மானிக்கிறது. மனிதர் விஷயத்தில் அதனைச் சட்டம் தீர்மானித்தது. காட்டுவழி நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், மாத்தளையிலும் பிற தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்தவர்கள், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் அவர்களை எண்ணிக்கை பேசிப் பங்கிட்டனர். எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

2023 ஜூலை 28ஆம் நாள், மலையக மக்களும் அவர்தம் தோழரும் தலைமன்னாரிலிருந்து அதே வழியே நடக்கத் தொடங்கினர். ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தபோது, காணியும் வீடும் நியாயமான கூலியும் அவர்களின் கோரிக்கைகளாக இருந்தன.