கேட்டால் சொல்வார்களா? தருமபுரியும் உடல்நலக் கணக்கெடுப்பும்

1990களில் தருமபுரி மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில், பிறந்த சில நாட்களில் இறந்த பெண் குழந்தைகள் பலரின் பெயருக்கு நேரே 'சமூகக் காரணங்கள்' என்று எழுதப்பட்டிருந்தது. சிசுக்கொலையைத்தான் பதிவேடு அப்படிக் குறித்தது. கேள்வித்தாளோடு ஊருக்குள் வரும் அந்நியரிடம் எந்தக் குடும்பமும் இதை எளிதில் ஒப்புக்கொள்ளாது. எந்த வீட்டில் கர்ப்பிணி இருந்தார், பிறந்த குழந்தை என்ன ஆயிற்று என்பதெல்லாம் மாதாமாதம் வாசலுக்கு வரும் கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். ஷீலா ராணி சுங்கத், வி.பி. ஆத்ரேயா இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய பதிவேடுகளை வைத்தே எழுதப்பட்டது. தொடர்ந்து, டென்மார்க்கின் டேனிடா அமைப்பின் உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், கலைப்பயணக் குழுக்கள் தருமபுரி கிராமங்களில் நாடகம் போட்டு இதை ஊர் நடுவே பேசுபொருளாக்கின.

மறைப்பது ஒரு சிக்கல். நோயை நோயென்றே உணராமல் இருப்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

வங்கப் பஞ்சத்தை அடுத்து 1944-இல் கொல்கத்தா அருகே சிங்கூரில் ஓர் ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தமக்கு உடல்நலம் சரியில்லை என்றனர். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 2.5 விழுக்காடு. அந்தப் பெண்களின் உடல்நிலை மேலாக இருந்ததாக நம்ப இடமே இல்லை; தம் உடம்பைப் பற்றிக் குறைசொல்லும் உரிமை தமக்கு உண்டு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இந்தப் புள்ளிவிவரத்தை எடுத்துக்காட்டிய பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், பிறகு 2002-இல் இன்னொன்றையும் சுட்டினார்: ஆயுட்காலம் மிகுந்த கேரளத்தில்தான் நோயுற்றதாகச் சொல்வோரும் அதிகம், பிகாரில் குறைவு. படிப்பும் மருத்துவமனையும் பக்கத்தில் இருந்தால் நோய்க்குப் பெயர் தெரிகிறது.

இதனால் மக்களின் வாய்ச்சொல்லை ஒதுக்கிவிட முடியுமா? 1991-இல் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்விப்பட்டியலை உருவாக்கத் தொடங்கியபோது, பங்கேற்ற 15 மையங்களில் சென்னையும் டெல்லியும் இருந்தன. வலி, தூக்கம், உறவுகள், கைச்செலவுக்குப் பணம் என்று கேட்கும் அதன் சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள். எந்த ரத்தப் பரிசோதனையும் இவற்றுக்குப் பதில் தராது. தன் வாழ்க்கை தனக்கு எப்படி இருக்கிறது என்பதை அவரவர்தான் சொல்லியாக வேண்டும்.

தேசிய குடும்பநல ஆய்வு மக்களின் வாய்ச்சொல்லையும் உடற்பரிசோதனையையும் மெல்ல மெல்ல இணைத்தது. 1992-93-இல் நடந்த முதல் சுற்று பெரும்பாலும் கேள்விகளாலேயே ஆனது. 1998-99-இல் விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் அளந்தார்கள். அசதியும் தலைச்சுற்றலும் 'வேலை செஞ்சா வர்றதுதானே' என்று கடந்துபோன பெண்களின் ரத்தசோகை அப்போது எண்ணிக்கையாயிற்று. 2015-16-இல் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்தன. அதே சுற்றில்தான் முடிவுகள் மாவட்ட வாரியாகவும் வந்தன. தருமபுரிக்கென்று தனித் தாள் கிடைத்தது. முந்தைய சுற்றுகளில் மாநிலச் சராசரிக்குள் கரைந்துபோயிருந்த மாவட்டம் இது என்பதால், அந்தத் தாளின் மதிப்பு அதிகம்.

ஆனாலும் தருமபுரியின் பழைய நோயொன்று இத்தகைய கேள்விகளுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதனால் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் பல் காவியேறியிருந்தால் அது யாருக்கும் நோயாகத் தெரியாது. நடுவயதில் மூட்டு இறுகுவதை வயதின் தலையில் போட்டுவிடுவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்து, காவிரி நீரைத் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுசேர்த்தது. அதன் பலனை அறிய ஊராரிடம் வலியைப் பற்றிக் கேட்பதோடு, திட்டத்துக்குப் பின் பிறந்து இப்போது பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பற்களையும் பார்க்க வேண்டும்.