வலை வழங்கி நிரற்கூறுகளும் தமிழ்ப் பக்கங்களும்

வலை வழங்கி என்பது உலாவி கேட்கும் பக்கத்தை எடுத்து அனுப்பும் மென்பொருள். அதன் மையநிரலில் கைவைக்காமல் புதிய வேலை ஒன்றைச் சேர்ப்பதற்காகத் தனியே எழுதி இணைக்கப்படும் நிரல் நிரற்கூறு அல்லது மாட்யூல் எனப்படும். பக்கம் எந்த எழுத்துக் குறிமுறையில் உள்ளது என்று உலாவிக்கு அறிவிப்பதும் வழங்கியின் வேலையே என்பதால், இதன் வரலாறு தமிழ் இணையத்தையும் தொட்டுச் செல்கிறது.

தோற்றம்

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கி பரவலாகப் பயன்பட்டது. 1994இல் அவர் அங்கிருந்து விலகிய பின், தளங்களை நடத்தியவர்கள் தத்தம் திருத்தங்களைத் தாமே செய்துகொண்டனர். 1995 பிப்ரவரியில் எட்டுப் பேர் கொண்ட குழு இத்திருத்தங்களைத் தொகுக்கத் தொடங்கியது. அதன் முதல் பொது வெளியீடான அப்பாச்சி 0.6.2 அவ்வாண்டு ஏப்ரலில் வந்தது.

ஒட்டுப்போட்ட நிரல் நெடுநாள் தாங்காது. குழுவில் ஒருவரான ராபர்ட் தாவ், ஷம்பாலா என்ற பெயரில் புதிய கட்டமைப்பை வகுத்தார். வந்த கோரிக்கையின் முகவரியைக் கோப்பாக மாற்றுதல், அனுமதி பார்த்தல், கோப்பின் வகையறிதல், உள்ளடக்கத்தை அனுப்புதல், பதிவேட்டில் எழுதுதல் எனப் பணி படிப்படியாகப் பிரிந்தது. எந்தப் படியில் தன் செயற்கூற்றை அழைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நிரற்கூறும் ஓர் அட்டவணையில் சொல்லிவிடும். தனக்குரிய அமைப்புக் கட்டளைகளையும் அதுவே கொண்டுவரும். இரண்டாவது ஏற்பாடுதான் அதிகம் பேசப்படாதது. ஆனால் சி மொழி அறியாதவரும் ஒரு வரி எழுதி வழங்கியின் போக்கை மாற்ற முடிந்தது அதனால்தான். 1995 டிசம்பர் 1 அன்று 1.0 பதிப்பு வெளியானது. 1998இல் வந்த 1.3 பதிப்பில், வழங்கி முழுவதையும் மறுபடி தொகுக்காமல் நிரற்கூற்றை மட்டும் ஏற்றிக்கொள்ளும் வசதி வந்தது. கூற்றைத் தொகுத்து, உரிய இடத்தில் வைத்து, ஏற்றும் வரியையும் அமைப்புக் கோப்பில் சேர்த்துவிட ஒரு சிறு கருவியும் உடன் வந்தது.

ஒரு வரியின் விளைவு

2000 பிப்ரவரியில், குறிமுறை அறிவிக்கப்படாத பக்கங்களின் வழியே தீய நிரல் நுழையக்கூடும் என்ற பாதுகாப்பு எச்சரிக்கை வெளியானது. அதையொட்டி அப்பாச்சியில் 'ஆட்டிஃபால்ட்சார்செட்' என்ற கட்டளை சேர்ந்தது. 2002இல் வந்த 2.0 பதிப்பின் மாதிரி அமைப்புக் கோப்பு, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ-8859-1 குறிமுறையை இயல்பாக அறிவித்தது. பக்கத்தின் உள்ளே யுடிஎப்-8 என்று எழுதியிருந்தாலும் வழங்கி சொல்வதே முதலில் செல்லும் என்பது எச்டிஎம்எல் 4 விதி.

ராசபாளையம் அருகிலுள்ள தேவதானத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 'தேவதானம்' ஒருங்குறியில் 8 குறிகள். யுடிஎப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட்டு என 24 பைட்டுகள். ஐஎஸ்ஓ-8859-1 என்று வழங்கி அறிவித்துவிட்டால் உலாவி ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் கொள்ளும். மேலே சாய்கோடு இட்ட இலத்தீன் 'ஏ' எட்டு முறை வரும், இடையிடையே வணிகப்பதிவுக் குறி வரும், ஊர்ப்பெயர் வராது. எழுத்துருவில் கோளாறு என்று எண்ணி எழுத்துருவை மாற்றிப் பார்த்தாலும் இது தீராது. தளத்தின் அடைவில் 'எச்டிஆக்சஸ்' கோப்பை வைத்து, யுடிஎப்-8 என ஒரே வரி எழுதினால் தீரும், வழங்கியின் உரிமையாளர் அதற்கு இடம் விட்டிருந்தால். பின்னர் அந்த இயல்பு வரி மாதிரிக் கோப்பிலிருந்து நீக்கப்பட்டது.

மாற்றித்தரும் கூறுகள்

அறிவிப்பதோடு நில்லாமல், அனுப்பும்போதே குறிமுறையை மாற்றித்தரும் கூறுகளும் எழுந்தன. பல குறிமுறைகளால் அல்லற்பட்ட ரஷ்யர்கள் 'ரஷ்ய அப்பாச்சி' என்ற வடிவத்தை உருவாக்கினர். கேட்கும் உலாவி முதலியவற்றைப் பார்த்துப் பக்கத்தை அது மாற்றி அனுப்பியது.

தமிழிலும் அதே நெருக்கடி இருந்தது. டிஸ்கி ஒரு பக்கம். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் ஒரு பக்கம். நாளிதழ்களின் சொந்த எழுத்துருக்கள் இன்னொரு பக்கம். ஆனால் ரஷ்யத் தீர்வு இங்கே அப்படியே பொருந்தாது. அங்கே ஒரு பைட்டுக்கு இன்னொரு பைட்டு என்ற அட்டவணை போதும். டிஸ்கியிலோ எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அமைந்தவை. 'தே' என்பதில் இரட்டைக்கொம்பு முதலில், தகரம் பிறகு. ஒருங்குறியில் தகரம் முதலில். 'ம்' டிஸ்கியில் ஒரே பைட்டு. ஒருங்குறியில் மகரமும் புள்ளியுமாக இரண்டு குறிகள். எனவே தமிழுக்கான கூறு, வந்த பைட்டை உடனே அனுப்பாமல், அடுத்ததைக் கண்ட பிறகே இடம் மாற்றி அனுப்ப வேண்டும். ஒரு துண்டின் கடைசியில் கொம்பு வந்துவிட்டால் அடுத்த துண்டு வரும்வரை அதைக் கையில் வைத்திருக்கவும் வேண்டும்.

அப்பாச்சி 1.3இல் ஒரு கூறு உருவாக்கிய உள்ளடக்கத்தை இன்னொரு கூறு திருத்த வழியில்லை. 2.0இல் வந்த வடிகட்டி அமைப்பு அதைத் தந்தது. குறிமுறை மாற்றும் சிறு கூறு ஒன்றும் அதனுடன் வந்தது. லினக்சில் அது சார்ந்திருக்கும் குனூ சி நிரலகத்தில், 2002இல் புரூனோ ஹைபிள் டிஸ்கிக்கான மாற்றியை எழுதிச் சேர்த்தார். ரஷ்யரான இகோர் சிசோயேவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் வழங்கியிலும் குறிமுறைக் கூறு உண்டு. ஆனால் அது அட்டவணை வகை, கொம்பை இடம் மாற்றத் தெரியாது.

தமிழ்த் தளங்கள் பெரும்பாலும் வேறு வழியில் சென்றன. சுரதாவின் 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகளில் வாசகரே உரையை ஒட்டி மாற்றிக்கொண்டனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் டிஸ்கி நூல்களை ஒருங்குறியிலும் தந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவோ முதலிலிருந்தே ஒருங்குறியில் அமைந்தது. பழைய டிஸ்கிக் கோப்புகள் கையில் உள்ளவர்கள் இன்றும் லினக்சின் 'ஐகான்வ்' கட்டளையால் அவற்றை ஒரே தடவையில் யுடிஎப்-8க்கு மாற்றிக்கொள்ளலாம். ஹைபிள் எழுதிய மாற்றியே அங்கும் வேலை செய்கிறது.