கல்கத்தாச் சிறுவர் உடையில் காற்சட்டை: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்நாட்டுத் துணிக்கடைகளில் சின்னஞ்சிறு ஆண்குழந்தைகளுக்கெனச் சட்டையும் அரைக்காற்சட்டையும் இணையாக விற்கப்படும் உடைக்குப் ‘பாபா சூட்’ என்று பெயர். இங்குப் ‘பாபா’ என்பது தமிழ் வழக்கன்று. ஆங்கிலேயர் இல்லங்களில் அவ்வீட்டுக் குழந்தைகளைப் ‘பாபா’ என்றும், பன்மையில் ‘பாபா லோக்’ என்றும் அழைத்தனர். 1886ஆம் ஆண்டு வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இவ்வழக்கைப் பதிவு செய்துள்ளது. ஆகவே ‘பாபா சூட்’ என்பது துரை வீட்டுக் குழந்தையின் உடை என்னும் பொருளை இன்றும் தன்னுள் கொண்டிருக்கிறது எனக் கருத இடமுண்டு. துரைமார் மிகுதியாக வாழ்ந்த நகரமும், 1911வரை இந்தியாவின் தலைநகராகத் திகழ்ந்ததுமான கல்கத்தாவில் (2001 முதல் கொல்கத்தா) இவ்வுடை உள்ளூர்ச் சிறுவனை எவ்வாறு வந்தடைந்தது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

மேலைநாடுகளில் சிறுவனின் காற்சட்டை வயதை அளக்கும் கோலாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஆண்குழந்தைகளும் முதல் சில ஆண்டுகள் பாவாடை போன்ற அங்கியே அணிந்தனர். பின்னாளில் குடியரசுத் தலைவரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1884இல் இரண்டரை வயதுக் குழந்தையாக அவ்வாறு நிழற்படம் எடுக்கப்பட்டுள்ளார். அங்கியை விடுத்து முழங்காலளவுக் காற்சட்டைக்கு வருவது முதற்படி. நீண்ட காற்சட்டை கிடைத்த நாள் சிறுவன் இளைஞனான நாள். 1886இல் நூலாக வெளிவந்த பிரான்செஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் ‘லிட்டில் லார்ட் பாண்ட்லராய்’ கதையால் வெல்வெட் உடையும் சரிகைப் பின்னல் கழுத்துப்பட்டையும் தாய்மார்களிடையே பெரும் மோகமாயின. அதனை அணிய நேர்ந்த சிறுவர்கள் அதே மகிழ்ச்சியை அடைந்தனர் என்று கூறுவதற்கில்லை.

கல்கத்தாவில் இந்த வயதுப் படிநிலை முழுமையாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. வசதியுள்ள ஆங்கிலேயர் தம் பிள்ளைகளை இளவயதிலேயே கல்விக்காகத் தாய்நாட்டுக்கு அனுப்பிவிட்டனர். ஆகவே நீண்ட காற்சட்டைக்கு மாறும் பருவத்தில் அப்பிள்ளைகள் இந்நகரில் இல்லை. வங்காளியர் கண்டது ஆயாவின் கையைப் பற்றிச் செல்லும் ‘பாபா’வையும், முழுக்காற்சட்டை அணிந்த அதிகாரியையும்தான். இடைப்பட்ட பருவத்தினராகக் காட்சியளித்தோர் பெரும்பாலும் 1836இல் தொடங்கப்பெற்ற லா மார்ட்டினியர் போன்ற பள்ளிகளில் பயின்ற யூரேசிய மாணவர்களும், வசதி குறைந்த ஐரோப்பியர் வீட்டுப் பிள்ளைகளுமே. எனவே காற்சட்டை இந்நகரில் வயதைக் குறிக்கவில்லை; ஆள்வோர் யார், ஆங்கிலக் கல்விக்கு உரியவர் யார் என்பதையே குறித்தது.

இதற்குத் தொடக்ககாலச் சான்று மைக்கேல் மதுசூதன் தத்தரின் (1824–1873) வாழ்வில் கிடைக்கிறது. 1843இல் கிறித்தவம் தழுவிய பின்னர் அவர் பிஷப் கல்லூரியில் பயின்றார். ஐரோப்பிய மாணவர்க்குரிய கல்லூரி உடை அவருக்கு மறுக்கப்பட்டபோது, ஒன்று அவ்வுடை வேண்டும், இல்லையேல் தம் நாட்டு உடையிலேயே வருவேன் என வாதிட்டு, வண்ணமிகு இந்திய உடையில் வந்து நின்றார் என அவர் வரலாறு கூறும். முடிவில் நிர்வாகம் இணங்கிற்று. மதம் மாறினும் உடை மாறும் உரிமை தானாக வந்துவிடவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. 1848இல் சென்னைக்கு வந்து ஆசிரியப் பணியாற்றியவரும் இவரே.

தாகூர் குடும்பத்துச் செய்திகள் இன்னும் நுட்பமானவை. செல்வக் குடும்பமாயினும் பத்து வயதுவரை தாம் காலுறை அணிந்ததில்லை என இரவீந்திரநாதர் 1912இல் வெளியான ‘ஜீவன்ஸ்மிருதி’யில் நினைவுகூர்கிறார். குளிர்காலத்தில் ஒரு பருத்திச் சட்டையின்மேல் மற்றொன்று, அவ்வளவே. தையற்காரர் நியாமத் சட்டையில் பை வைக்க மறந்துவிடுவார் என்பது ஒன்றே அச்சிறுவனின் குறை. உடையின் வெட்டைவிட அதில் பை உண்டா என்பதே சிறுவனுக்கு முதன்மையானது. உடை வரலாற்றாசிரியர் பலர் இதனைக் கவனிப்பதில்லை. 1873இல் பூணூல் சடங்கிற்காகத் தலை மழிக்கப்பட்டபோது, பள்ளியிலுள்ள யூரேசியச் சிறுவர்கள் எள்ளுவார்களே என அவர் அஞ்சினார். அந்நிலையில்தான் தந்தை தேவேந்திரநாதர் அவரை இமயமலைப் பயணத்துக்கு அழைத்தார். வண்ணமும் அமைப்பும் தந்தையே தேர்ந்த முழு உடைத்தொகுதி ஒன்று, பொன்னிழை வேய்ந்த வெல்வெட் தொப்பியுடன், வாழ்வில் முதன்முறையாக அவருக்குத் தைக்கப்பட்டது.

அவருடைய தமையனார் ஜோதிரிந்திரநாதர் (1849–1925) 1870களில் இந்தியர் அனைவருக்கும் பொதுவான தேசிய உடை ஒன்றை வகுக்க முற்பட்டார். வேட்டி தொழிலுக்கு ஏற்றதன்று, பைஜாமாவோ அயலது. ஆகவே பைஜாமாவின்மேல் தனித்துணி ஒன்றை மடித்து இணைத்து, வேட்டியின் கொசுவம்போலத் தோன்றச் செய்தார். தலைக்குச் சோலா தொப்பியும் தலைப்பாகையும் கலந்த ஒன்று. இக்கோலத்தில் நண்பகலில் அஞ்சாது வண்டியேறிச் சென்ற துணிவைத் தம்பி வியந்து எழுதியுள்ளார். பின்பற்றுவோர் இலர். எனினும் இம்முயற்சியை நகைப்புக்குரியதாக ஒதுக்குவது பொருந்தாது. இரண்டு உடைகளின் குறைகளையும் அவர் சரியாகவே கண்டார், தீர்வில்தான் பிழைத்தார்.

சுகுமார் ராய் (1887–1923) படைத்த ‘பாக்லா தாஷு’ கதைகளில் இச்சிக்கலின் சாரம் ஒரே காட்சியில் அமைந்துள்ளது. ‘சந்தேஷ்’ சிறுவர் இதழுக்காக எழுதப்பட்டு, 1940இல் நூலான இக்கதைகளின் நாயகன் தாஷு, ஒருநாள் தொளதொளத்த பேண்டலூனும் தலையணை உறைபோன்ற கோட்டும் அணிந்து பள்ளிக்கு வருகிறான். காரணம் கேட்ட தோழர்களுக்கு, ஆங்கிலம் நன்றாகக் கற்பதற்காக என விடையளிக்கிறான். வகுப்பே சிரிக்கிறது. சிரிப்பு தாஷுவின் கோலத்தைப் பற்றியதா, அன்றிக் காற்சட்டையால் கல்வி வரும் என நம்பிய பெரியோரைப் பற்றியதா என்பதை ஆசிரியர் கூறாமல் விடுகிறார்.

இடையில் வங்கப் பிரிவினை நேர்ந்தது. அது நடைமுறைக்கு வந்த 1905 அக்டோபர் 16ஆம் நாள் மக்கள் வெறுங்காலுடன் கங்கைக்கு நடந்தனர். அயல்நாட்டுத் துணி எரிக்கப்பட்டது. வேட்டி நாட்டுப்பற்றின் சின்னமாயிற்று. ஆனால் இதில் ஒரு முரண் உள்ளது. அதுகாறும் வங்கத்தில் மிகுதியாக விற்ற மலிவு வேட்டிகள் லங்காஷயர் ஆலைகளில் நெய்யப்பட்டவை. காற்சட்டையோ வடிவத்தால் அயலதாயினும், அதனைத் தைத்த கை உள்ளூர்க் கையே. ‘ஓஸ்தாகர்’ எனப்படும் முசுலிம் தையற்கலைஞர்கள் துரைமார் வீட்டுத் தாழ்வாரங்களில் அமர்ந்து, பழைய உடை ஒன்றை மாதிரியாகக் கொண்டு புதியதைத் தைத்துத் தந்தனர். சுதேசி எழுத்துகளில் நெசவாளர் பெற்ற இடத்தை இவர்கள் பெறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நடுத்தர வங்காளிக் குடும்பங்களில் உருவான வழக்கம் அமெரிக்க வழக்கத்திற்கு நேரெதிரானது. சிறுவன் அரைக்காற்சட்டை அணிந்தான். வளர்ந்ததும் வேட்டிக்கு மாறினான். அங்கே காற்சட்டை நீளுதல் ஆண்மையின் அறிகுறி. இங்கே காற்சட்டையை விடுதலே அவ்வறிகுறி. கொசுவம் வைக்கவும், பின்கச்சம் செருகவும், நடந்தால் அவிழாமல் காக்கவும் கற்றவனே இளைஞன். கல்லூரி மாணவரும் பேராசிரியரும் வேட்டியுடன் உலவிய நகரில், அரைக்காற்சட்டை துரைத்தனத்தின் மிடுக்கை இழந்து குழந்தைமையின் உடையாகச் சுருங்கியது. குழந்தைகளின் சிறு காற்சட்டையை வங்காளியர் ‘இஜேர்’ என்பர். அரபு மூலமுடைய இச்சொல்லும் தமிழ்ப் பேச்சுவழக்கின் ‘நிஜார்’ என்பதும் ஒருவேர்ப்பட்டவை எனத் தோன்றுகிறது. நம் நாட்டுப்புறங்களிலும் டவுசரை விட்டு வேட்டி கட்டுதல் இளமைப் பருவத்தின் எல்லையாக இருந்ததை இவ்விடத்து ஒப்பிடலாம்.

விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இவ்வொழுங்கு குலைந்தது. அலுவலகமும் ஆலையும் நெரிசலான டிராம் வண்டியும் முழுக்காற்சட்டையை வேண்டின. சிறுவன் அரைக்காற்சட்டையிலிருந்து நேரே முழுக்காற்சட்டைக்குச் சென்றான்; இடையே வேட்டி கட்டக் கற்கும் பருவம் மறைந்தது.

அவத் நாட்டின் நவாபு வாஜித் அலி ஷா 1856இல் ஆட்சி இழந்தபின் வந்து தங்கிய மேட்டியாபுருஜ், இன்று கொல்கத்தாவின் தையல் தொழிற்களங்களுள் முதன்மையானது. ஓஸ்தாகர்களின் வழிவந்தோர் சிறுவர் ஆயத்த உடைகளை வீட்டோடிணைந்த தொழிற்கூடங்களில் தைத்து, வாரச் சந்தைகளில் விற்கின்றனர். இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் அவை செல்கின்றன. சரசுவதி பூசையை ஒட்டிக் கொல்கத்தாக் கடைகளில் சிறுவர்க்கான ‘ரெடிமேட் துத்தி’ தொங்கும். இடுப்பில் மீள்நாடா, முன்னால் நிலையாகத் தைக்கப்பட்ட கொசுவம், பைஜாமாபோல் காலை நுழைத்து ஏற்றிக்கொண்டால் போதும். நம் கடைகளில் ஒட்டும் பட்டை வைத்து விற்கப்படும் சிறுவர் வேட்டி இதற்கு உறவுடையது. ஜோதிரிந்திரநாதர் அன்று அணிந்து தனியே வீதியில் சென்ற உடைக்கும் இதற்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை.