நுவரெலியாவின் பருவங்கள்

ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவைக் கண்டவர் அதனை மலர்களின் நகரம் என்பர். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியிற் படகோட்டம் என ஊர் விழாக்கோலம் பூண்டிருக்கும். ஆயின், ஒரு மாதத்தின் கோலத்தைக் கொண்டு ஓர் ஊரின் வரலாற்றை எழுதிவிடலாகுமா?

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,100 அடி உயரத்திலுள்ள இவ்வூரில், 1848ஆம் ஆண்டில் சாமுவேல் பேக்கர் ஓர் ஆங்கிலக் கிராமத்தை நிறுவ முற்பட்டார். 1870களில், தேசாதிபதி வில்லியம் கிரகரியின் ஆட்சியில், வாவி உருவாயிற்று. 1885இல் புகையிரதம் நானுஓயாவை அடைந்ததும் பயணம் எளிதாயிற்று. கொழும்பின் வெப்பத்துக்கு அஞ்சிய அதிகாரிகளும் துரைமாரும் குளிரை நாடி வந்தனர். 'சீசன்' என்னும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

பருவத்துக்கு வந்து போனோர் அவர்கள் மட்டுமல்லர். கோப்பிக் காலத்தில் தமிழகத்துத் தொழிலாளரும் அவ்வாறே வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்து, பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். வழியிலேயே மாண்டோரும் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, பின்னர் மலையெங்கும் பரவியது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். ஆகவே தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் நிலைத்தனர். செல்வருக்குச் சீசன் பிறந்த அதே காலத்தில், இவர்களுக்கு ஊர் திரும்பும் பருவம் மறைந்தது.

சுவிட்சர்லாந்தின் மலை நகரங்களுக்கு உறைந்த பனியே செல்வம். அதிற் சறுக்கி விளையாடப் பயணிகள் குவிகின்றனர். நுவரெலியாவில் வெண்பனி மழை பொழிவதில்லை. தை, மாசி மாதங்களில் சில விடியல்களில் புல்லின்மீது உறைபனி படியும். பார்ப்போர் அதனை அழகு என்பர். அதே உறைபனி கொழுந்தைக் கருக்கிவிடும். கொழுந்து குறைந்தால் நாட்கூலி பெறுவோரின் வேலைநாளும் குறையும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின், வழுக்கும் சரிவுகளிலே, அட்டைக் கடியையும் பொறுத்துப் பெண்கள் கூடை சுமந்து நிற்பர். அப்போது விடுதிகளிற் கூட்டம் இராது.

ஆதலால் அன்பர்களே, ஏப்ரலில் வருவோர் ஆடி மழையிலும் ஒருமுறை மலையேறி வருக. அட்டனிலிருந்து நானுஓயா வரை புகையிரதச் சாளரத்தின் வழியே நோக்குக. மழையிலும் கொழுந்து பறிப்போரைக் காண்பீர்கள். இவ்வூரின் வரலாற்றில் வாவிக்கும் விடுதிக்கும் தந்த இடத்தை அவர்களுக்கும் தருதல் நம் கடமையாகும்.