மாத்திரைக்கு முன்னால் மிளகும், குடல் நுண்ணுயிரும்

ஆரணியில் பட்டு நெய்பவருக்கு இதயக் கோளாறு என்றால் பெரும்பாலும் வேலூருக்குத்தான் பேருந்து ஏறுவார். நாற்பது கிலோமீட்டருக்குள்தான் தூரம். மருந்துச் சீட்டில் டிஜாக்சின் இருக்கலாம். வீட்டிலோ சளிக்கு மிளகுக் கஷாயமும் மந்தத்துக்குத் திரிகடுகச் சூரணமும் எப்போதும் உண்டு. டிஜாக்சினும் நரிக்கையுறைச் செடியிலிருந்து வந்த மூலிகைப் பொருள்தான். ஆனால் அதன் அளவு கால் மில்லிகிராம், அரைக்கால் மில்லிகிராம் என்று போகும். குறைந்தால் பயனில்லை. கூடினால் வாந்தி, நாடித்தளர்ச்சி வரும், பார்வையில் மஞ்சள் படரும். பாவு நூலின் நிறம் பார்த்துப் பிழைப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

ரத்தத்தில் இந்த மருந்தின் அளவை ஏற்றக்கூடியது ஒன்று, இறக்கக்கூடியது மற்றொன்று. முதலாவது மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின். குடல் சுவரில் பி-கிளைக்கோபுரதம் என்ற புரதம் உள்ளே நுழையும் மருந்தைத் திரும்பக் குடலுக்கே தள்ளிவிடும். பைப்பரின் அதன் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. மருந்தைச் சிதைக்கும் நொதிகளையும் தடுக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த மனிதக் குடல் செல்களில் டிஜாக்சினை வைத்தே 2002இல் இதைக் காட்டினார்கள். செல்லில் கண்டதெல்லாம் உடலில் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் ஜம்முவின் வட்டார ஆய்வுக்கூடத்தில் சி. கே. அடல் 1970களின் இறுதியில் பைப்பரின் பற்றித் தொடங்கிய ஆராய்ச்சி மருந்தாகவே வெளிவந்தது. 2009இல் வந்த ரிசோரின் என்ற காசநோய் மருந்தில் 10 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்து, 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசினை 200 ஆகக் குறைத்தார்கள். சித்த மருத்துவர் மருந்தோடு சேர்த்துச் சாப்பிடும் பொருளான அனுபானத்தைச் சொல்லித் தருவதில் ஒரு கணக்கு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாவது, எகர்தெல்லா லென்டா என்ற குடல் பாக்டீரியா. டிஜாக்சின் மூலக்கூறின் ஒரு வளையத்தில் ஹைட்ரஜனைச் சேர்த்து, ரத்தத்துக்குப் போகுமுன்பே அதன் வீரியத்தை இது குலைத்துவிடும். குடல் நுண்ணுயிர்கள் டிஜாக்சினைச் செயலிழக்கச் செய்வதை நியூயார்க்கில் லிண்டன்பாம் குழுவினர் 1981இல் விளக்கினார்கள். அப்படி மருந்தைச் செயலிழக்கச் செய்பவர்களுக்கு எரித்ரோமைசின் அல்லது டெட்ராசைக்ளின் கொடுத்ததும் ரத்தத்தில் டிஜாக்சின் ஏறியது. பாக்டீரியா அடங்கியதே காரணம்.

அடுத்த ஆய்வு நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வி. ஐ. மாத்தன் லிண்டன்பாம் குழுவோடு சேர்ந்து தென்னிந்தியர்களையும் நியூயார்க்வாசிகளையும் ஒப்பிட்டு 1989இல் வெளியிட்டார். டிஜாக்சினை இப்படி மாற்றியவர்கள் நியூயார்க்கில் ஏறக்குறைய 36 சதவீதம், தென்னிந்தியாவில் 14 சதவீதம். நம்மவர்களிலும் நகரத்தாரிடம் கூடுதல், கிராமத்தாரிடம் குறைவு. மருந்தை மாற்றவல்ல பாக்டீரியா இரு நாட்டாரிடமும் இருந்தது. அது வேலை செய்வதில்தான் வித்தியாசம். உணவு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். 2013இல் எலிகளில் செய்த ஆய்வு அதற்கு வலுச் சேர்த்தது: புரதம் மிகுந்த தீனி தின்ற எலிகளில் அந்த வேலை குறைந்தது.

மிளகு நம் கையில் இருக்கிறது. கூட்டலாம், நிறுத்தலாம், மருத்துவரிடம் சொல்லலாம். எனக்கு அதிகம் கவலை தருவது பாக்டீரியாதான். ஊர் மாறினாலும் தட்டில் சோறு குறைந்து முட்டை கூடினாலும் அதன் வேலை மாறக்கூடும். அதை யாரும் சீட்டில் எழுதுவதில்லை. காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் சில நாளில் அதை அடக்கிவிடலாம். கஷாயத்தைக் குற்றம் சொல்லும் மருத்துவர்கூட இந்த ஆன்டிபயாடிக்கைக் கேட்க மறந்துவிடுகிறார்.

டிஜாக்சின் சாப்பிடுபவர் அடுத்த முறை வேலூர் போகும்போது சூரண டப்பாவையும் அந்த ஆன்டிபயாடிக் அட்டையையும் சேர்த்தே எடுத்துப் போகட்டும். கஷாயம் தினமும் குடிக்கிறாரா, எப்போதாவதா என்பதையும் மருத்துவர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் ரத்தத்தில் டிஜாக்சின் அளவைப் பார்க்கும் சோதனை இருக்கிறது.